மூன்று மணித் தந்தி

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. ராத்திரி மூன்று மணி தாண்டி ஐந்து நிமிடம் இருக்கும். தலைமாட்டு ஸ்டூலில் சார்ஜ் போட்டிருந்த போன் ‘டிங்’ என்றது. எனக்கு முந்தி என் வீட்டுக்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“ஏங்க, மஸ்கட்டா?”

இளைய மகள் அங்கே ஏழு மாதக் கர்ப்பிணி. பிரஷர் கொஞ்சம் கூடுதல், கவனமாக இருக்கணும் என்று டாக்டர் சொல்லி நாலு நாள்தான் ஆகியிருந்தது. கண்ணாடியைத் துழாவினேன், அகப்படவில்லை. போனைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் படித்தேன்.

‘11 ஆப்கள் அப்டேட் செய்யப்பட்டன.’

“யாரு?”

“யாருமில்ல. படு.”

அவள் படுக்கவில்லை. சாமி மாடத்துக்குப் போய்த் திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டு வந்தாள். எனக்கும் இழுகினாள். அப்புறம் இருவரும் விடியும்வரை மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தோம்.

நான் தந்தி ஆபீசில் உத்தியோகம் பார்த்தவன். 1975-ல் மோர்ஸ் சாவியில் கை வைத்தேன். அப்புறம் டெலிபிரிண்டர், அப்புறம் கம்ப்யூட்டர். ஓய்வு பெற்றது 2013-ல். அந்த வருஷம் ஜூலை 15-ஆம் தேதி முதல் இந்தியாவில் தந்தியே நின்றுபோனது. அதனால் ராத்திரியில் ஒரு சத்தம் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். திருநெல்வேலிப் பக்கக் கிராமங்களில் தந்திக்காரர் சைக்கிள் தெருமுனை திரும்பும்போதே ஒப்பாரி தொடங்கிவிடும். பிரித்துப் படித்தால் மகனுக்கு வேலை கிடைத்த செய்தியாக இருக்கும். அழுத கண்ணோடு சர்க்கரை கொடுப்பார்கள்.

தந்தி ஆபீசில் எல்லாச் செய்திக்கும் ஒரே மரியாதை கிடையாது. சாதாரணத் தந்தி தன் முறை வரும்வரை காத்திருக்கும். விரைவுத் தந்திக்குக் காசு கூடுதல், அது முந்திக்கொண்டு போகும். சாவு, உயிருக்கு ஆபத்து என்றால் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு அதைத்தான் அடிப்போம். வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டணம் என்பதால் எவரும் வெட்டிக்குத் தந்தி கொடுக்க மாட்டார். ‘மதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி’ என்று நான்கே வார்த்தைகளில் ஒருவனை டெல்லியிலிருந்து ரயிலேற்றிவிடலாம். (பட்டாளத்தில் லீவு வாங்குவதற்காக நல்லாயிருக்கிற தாயாரைப் படுக்கையில் போட்ட தந்திகளும் உண்டு. அடிக்கும்போதே எங்களுக்குத் தெரியும்.)

இப்போது போனுக்கு வருகிற அறிவிப்புக்கு அனுப்புகிறவன் வார்த்தைக்குக் காசு கட்டுவதில்லை. அதனால் ஒவ்வொருவனும் தன் செய்தியைச் சாவுத் தந்திபோல அனுப்புகிறான். பதினொரு ஆப்கள் புதுச் சட்டை போட்டுக்கொண்ட விவரம் மூன்று மணிக்கு என் தலைமாட்டில் மணியடிக்கிறது.

மறுநாள் பேரன் வந்தான். பிளஸ் டூ படிக்கிறான். போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“தாத்தா, இது ஆட்டோ அப்டேட். சார்ஜ்ல போட்டு சும்மா வச்சிருக்கும்போதுதான் நடக்கும். நீங்க தூங்கினா அதுக்கு வேலை நேரம்.”

அவன் சொன்னது சரிதான். ஆண்ட்ராய்ட் போனில் ப்ளே ஸ்டோர் வழக்கமாக மூன்று காரியங்கள் சேர்ந்து அமையக் காத்திருக்கும். போன் வைஃபையில் இருக்க வேண்டும், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்க வேண்டும், யாரும் கையில் வைத்து நோண்டிக்கொண்டிருக்கக் கூடாது. எந்த வீட்டில் இந்த மூன்றும் ஒன்றாக அமையும்? எல்லோரும் தூங்கும்போதுதான். பகலில் படம் பார்க்கும்போது நெட்டை இழுத்துக்கொள்ளாமல், பேட்டரியைத் தின்னாமல், வேலையை ராத்திரிக்குத் தள்ளிப்போடுகிறது. யோசித்தவர் நல்லெண்ணத்தோடுதான் யோசித்திருக்கிறார். வேலையை முடித்துவிட்டுக் கதவைத் தட்டி ‘முடித்துவிட்டேன் ஐயா’ என்று சொல்லாமல் போயிருந்தால் எனக்குப் புகாரே இல்லை.

ஆனால் எனக்கு அப்போது கோபம். கோபத்தில் செய்த காரியம் பிறகு என்னைத்தான் படுத்தியது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ப்ளே ஸ்டோரைத் திறந்தால் மேலே வலது ஓரத்தில் நம் படமோ பெயரின் முதல் எழுத்தோ ஒரு வட்டத்துக்குள் இருக்கும். அதைத் தொட்டு, செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் ப்ரிஃபரன்சஸ் என்பதற்குள் நுழைந்தால், ஆட்டோ அப்டேட் ஆப்ஸ் என்று ஒரு வரி. எந்த நெட்வொர்க்கிலும் செய், வைஃபையில் மட்டும் செய், செய்யவே செய்யாதே என்று அதில் தேர்வுகள். பேரனைச் சொல்லச் சொல்லி ‘செய்யவே செய்யாதே’ என்பதை நானே என் விரலால் அழுத்தினேன். சனியன் விட்டது என்று நினைத்தேன்.

ஒரு வாரம் நிம்மதி. அப்புறம் ஆப்கள் உள்ளேயிருந்து கத்த ஆரம்பித்தன. ரயில் நேரம் பார்க்கத் திறந்தால் ‘புதிய பதிப்பு வந்துள்ளது’ என்று ஒன்று. கரண்ட் பில் கட்டத் திறந்தால் இன்னொன்று. ப்ளே ஸ்டோர் வழியாக அப்டேட் நடக்காமல் போனால், ஆப் தானே திரையில் எழுந்து நின்று கேட்பதற்கு கூகுள் 2019-ல் ஒரு வசதி செய்துகொடுத்திருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதில் இரண்டு ரகம். ஒன்று, நீ உன் வேலையைப் பார், நான் பின்னால் இறக்கிக்கொள்கிறேன் என்கிற தன்மையான ரகம். மற்றது, என்னை அப்டேட் செய்தால்தான் உள்ளே விடுவேன் என்று வாசலில் குறுக்கே படுத்துக்கொள்கிற ரகம். போனின் அறிவிப்பு செட்டிங்ஸில் எதைத் திருகினாலும் இரண்டாவது ரகத்தை எழுப்ப முடியாது. அது அறிவிப்பே இல்லை, ஆப்பின் உடம்பிலேயே இருக்கிற வாய்.

அப்படி வாசலில் படுத்துக்கொண்ட ஒன்றிடம்தான் நவம்பரில் மாட்டினேன்.

நவம்பர் என்றால் பென்ஷன்காரர்களுக்கு லைஃப் சர்டிபிகேட் மாதம். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒருமுறை நிரூபிக்க வேண்டும். முன்பெல்லாம் பேங்க் வரிசையில் நிற்போம். இப்போது போன் முன்னால் முகத்தைக் காட்டி, கண்ணைச் சிமிட்டினால் போதும். அதற்கு ஒரு ஆப், முகத்தைச் சரிபார்க்கத் துணை ஆப் ஒன்று, ஆக இரண்டு வேண்டும். முகச்சவரம் செய்து, சட்டை மாற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். ஆப்பைத் திறந்தால், இது பழைய பதிப்பு, முதலில் அப்டேட் செய்யுங்கள் என்றது. சரி என்று அழுத்தினேன். போனில் இடம் இல்லை என்றது. வாட்ஸ்அப் காலை வணக்கப் பூக்களை நூற்றுக்கணக்கில் அழித்தேன். ஒரு ஆப் இறங்கிற்று. துணை ஆப்பும் பழையது என்றது. அதற்குள் வெளிச்சம் மாறிவிட்டது. முகம் தெளிவாக இல்லை, மறுபடி முயற்சிக்கவும் என்றது. அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “உசுரோட இருக்கீங்களா இல்லியானு முடிவாச்சா?”

முடிவாக ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. தப்பு எந்த ஆப் மேலும் இல்லை. நான்தான் ஒரு மாதமாக வாயிலை அடைத்து வைத்திருந்தேன்.

அன்று ராத்திரிதான் எனக்கு உறைத்தது. எனக்குப் பிடிக்காதது அப்டேட் இல்லையே, அதைப் பற்றிய தம்பட்டம்தானே? இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு வேலையை நிறுத்திவிட்டேன். வேலையை நிறுத்தியதும் தம்பட்டம் இரண்டு மடங்காயிற்று. தந்தியை வாங்க மறுத்தால் தந்திக்காரர் திரும்பத் திரும்பத்தான் வருவார். அவர் சைக்கிள் மணியை அடிக்காமல் செய்தியைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போக ஏற்பாடு செய்திருந்தால் போதும்.

அந்த ஏற்பாடு போனில் இருக்கிறது. 2017-ல் வந்த ஆண்ட்ராய்ட் 8-லிருந்து இருக்கிறது. நமக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பதிப்பில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஒரு ஆப் தன் அறிவிப்புகளை வகை பிரித்துத்தான் அனுப்ப வேண்டும், ஒவ்வொரு வகைக்கும் போன் வைத்திருப்பவர் கையில் தனி ஸ்விட்ச் இருக்க வேண்டும். சானல் என்று அதற்குப் பெயர். தபாலாபீசில் கடிதம் பிரிக்கிற மரப்பெட்டி பார்த்திருப்பீர்கள், ஊருக்கு ஒரு அறையாக. அதேதான். பெட்டி செய்து சுவரில் மாட்டிவிட்டார்கள். பிரிக்கிற ஆளாக நம்மைப் போட்டிருக்கிறார்கள். சம்பளம் கிடையாது.

செய்முறை இவ்வளவுதான். வேண்டாத அறிவிப்பு வந்தவுடன் அதைத் தள்ளிவிடாதீர்கள். தள்ளிவிட்டால் ஆள் யாரென்று தெரியாமல் போய்விடும். அதன் மேலேயே விரலை வைத்து, எடுக்காமல் ஒரு நொடி அழுத்துங்கள். அறிவிப்பு விரிந்து, எந்த ஆப், எந்த வகை என்று காட்டும். சத்தத்தோடு வரட்டும், சத்தமில்லாமல் வரட்டும், வரவே வேண்டாம் என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். கம்பெனிக்குக் கம்பெனி எழுத்தும் இடமும் கொஞ்சம் மாறும், சங்கதி ஒன்றுதான். அவசரத்தில் தள்ளிவிட்டீர்கள் என்றாலும் பாதகமில்லை. ஆண்ட்ராய்ட் 11 முதல் நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி என்று செட்டிங்ஸில் ஒன்று உண்டு. அதை ஒருமுறை இயக்கி வைத்தால், வந்து போனவர்கள் பட்டியல் அதில் இருக்கும்.

என் மூன்று மணித் தந்தியை அப்படித்தான் பிடித்தேன். அடுத்த முறை வந்தபோது விரலை வைத்து அழுத்திப் பார்த்தால், அனுப்பியது ப்ளே ஸ்டோரே இல்லை! போன் செய்த கம்பெனி தன் பங்குக்கு ஒரு ஆப் கடையைப் போனுக்குள் வைத்து அனுப்பியிருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு சமையல்காரர்கள். ப்ளே ஸ்டோரில் நான் எதை நிறுத்தினாலும் அந்த இரண்டாவது கடை தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அதற்குள் நுழைந்து பார்த்தால் அறிவிப்பில் ஆறு வகை. அப்டேட் முடிந்தது, அப்டேட் இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்கக்கூடிய கேம்கள், சலுகைகள், இன்னும் என்னென்னவோ. எழுபத்திரண்டு வயதில் எனக்குப் பிடிக்கக்கூடிய கேம்! ‘அப்டேட் முடிந்தது’ என்பதைச் சத்தமில்லாத வகையில் போட்டேன். மற்ற எல்லாவற்றையும் அணைத்தேன். பிறகு ப்ளே ஸ்டோருக்குப் போய் ஆட்டோ அப்டேட்டை மறுபடி ‘வைஃபையில் மட்டும்’ என்று மாற்றி வைத்தேன். உங்கள் போனிலும் இரண்டாவது கடை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பல கம்பெனிகள் வைக்கின்றன.

சில ஆப்கள் இந்த விதிக்குள்ளும் தில்லுமுல்லு செய்யும். ‘பொது’ என்று ஒரே வகையை வைத்துக்கொண்டு, ஆர்டர் வந்து சேர்ந்ததையும் அதில் அனுப்பும், ஆடித் தள்ளுபடியையும் அதில் அனுப்பும். ஒன்றை மூடினால் இரண்டும் போகும். இவர்களுக்கு நான் கொடுக்கிற தண்டனை முழு மௌனம். ஆர்டர் வந்தால் எப்படியும் வாசலில் ஆள் வந்து கூப்பிடத்தான் போகிறார். 2022-ல் வந்த ஆண்ட்ராய்ட் 13 முதல், புதிதாகப் போடுகிற ஆப் ‘அறிவிப்பு அனுப்பலாமா?’ என்று முதலில் கேட்டுத்தான் ஆக வேண்டும். நாம்தான் கோயில் வாசலில் தலையாட்டுகிற யானை மாதிரி எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தட்டிவிடுகிறோம். வேண்டாம் என்று சொன்னாலும் ஆப் வேலை செய்யும். பயப்பட வேண்டாம்.

அப்டேட்டையே நிறுத்தினால் என்ன என்று கேட்கிறவர்கள் எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் நிறையப் பேர். எல்லோரும் நான் அக்டோபரில் இருந்த கோபத்தில் இருப்பவர்கள். அவர்களுக்கு 2019 மே மாதத்துக் கதையைச் சொல்வேன். வாட்ஸ்அப்பில் பேசுகிற வசதியில் ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை வழியாக, வாட்ஸ்அப் காலில் கூப்பிட்டே ஒருவர் போனுக்குள் வேவு மென்பொருளை ஏற்ற முடிந்தது. அவர் எடுக்கக்கூட வேண்டியதில்லை, மணி அடித்தாலே போதும். சுமார் 1,400 பேரைக் குறிவைத்திருந்தார்கள் என்று வாட்ஸ்அப் சொன்னது. அந்த வேவு மென்பொருளைச் செய்தது இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் என்று கோர்ட்டுக்கும் போனது. ஓட்டையை அடைத்தது எது? ஒரு அப்டேட். அதற்கு இரண்டு வருஷம் முந்தி, 2017 மே மாதம் வான்னாக்ரை என்கிற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டதே, அதற்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அப்டேட்டாக அனுப்பியாகிவிட்டது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள்.

அதனால் என் போனில் பணம் புழங்குகிற ஆப்கள், வாட்ஸ்அப், பிரவுசர், போனுடைய சொந்த செக்யூரிட்டி அப்டேட் இவற்றைத் தடுப்பதில்லை. ஒரே ஒரு ஆப்பைத்தான் தடுத்து வைத்திருக்கிறேன். நான் பஞ்சாங்கம் பார்க்கிறது. ஒரு அப்டேட்டில் எழுத்தைச் சின்னதாக்கி, நல்ல நேரத்துக்கு நடுவில் விளம்பரத்தைச் செருகிவிட்டார்கள். தன் போனில் இருந்த பழைய பதிப்பைக் காட்டி நண்பர் ஒருவர் பெருமைப்பட்டார். அவர் செய்திருந்தது இதுதான்: ப்ளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய், மேலே ஓரத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, எனேபிள் ஆட்டோ அப்டேட் என்பதற்கு எதிரிலுள்ள டிக்கை எடுத்துவிட்டார். அந்த ஒரு ஆப் மட்டும் அப்படியே நிற்கும், மற்றவை ஓடும். எனக்கு மூளை தாமதம். விளம்பரப் பதிப்பில்தான் டிக்கை எடுத்தேன்.

எங்கள் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியின் பிரச்சினை வேறு மாதிரி. “நம்ம போன்ல நாப்பத்தி மூணு அப்டேட் நிக்குதுன்னு காட்டுது சார், எப்பப் பாத்தாலும்” என்று நீட்டினார். அவர் வீட்டிலும் வைஃபை இல்லை, கடையிலும் இல்லை. தினம் ஒன்றரை ஜிபி ரீசார்ஜில் ஓடுகிற போன். ‘வைஃபையில் மட்டும்’ என்று செட்டிங் இருந்தால், வைஃபையே பார்க்காத போனுக்கு அப்டேட் எப்படி வரும்? வராது. நின்றுகொண்டே இருக்கும், எண்ணிக்கை மட்டும் ஏறும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் எல்லா வீட்டுச் சுவரிலும் வைஃபை பெட்டி இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

அவருக்கு இரண்டு காரியம் செய்துகொடுத்தேன். முதலில் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். “இது என்ன ஆப்?” “தெரியாதே.” “இது?” “சின்னவன் போட்டான்.” பத்தொன்பது ஆப்களைத் தூக்கினோம். இல்லாத ஆப் அப்டேட் கேட்காது. போனோடு வந்தவற்றில் சிலதைத் தூக்க முடியாது, ஆனால் டிஸேபிள் என்று ஒன்று உண்டு. அதைச் செய்தால் மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். மிச்சமிருந்ததில், பணம் வாங்குகிற ஆப்பும் வாட்ஸ்அப்பும் பேங்க் ஆப்பும் மட்டும் மொபைல் டேட்டாவிலேயே கையால் அப்டேட் செய்தேன். நினைத்த அளவுக்கு டேட்டா போகவில்லை. முழு ஆப்பையும் மறுபடி இறக்காமல், மாறின பகுதியை மட்டும் இறக்குகிற வித்தை ப்ளே ஸ்டோரில் உண்டு. மற்றவற்றுக்கு மாதம் ஒருமுறை எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து, எங்கள் வைஃபையில் ‘அப்டேட் ஆல்’ அழுத்திவிட்டுப் போகிறார். வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை. போன மாதம் கருப்பட்டி.

எதிர்வீட்டு டீச்சர் கதை இதற்கு நேர்த் தலைகீழ். அவர் வீட்டுக்காரர் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் எடுத்துத்தான் அவர் தன் போனில் நெட் பார்ப்பார். ராத்திரி ஹாட்ஸ்பாட்டை அணைக்க மறந்து, இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் சார்ஜ் போட்டுத் தூங்கிவிடுவார்கள். காலை எட்டு மணிக்கே வீட்டுக்காரருக்கு ‘இன்றைய டேட்டாவில் பாதி தீர்ந்தது’ என்று மெசேஜ். வீட்டில் சண்டை. நடந்தது என்னவென்றால், டீச்சர் போனுக்கு ஹாட்ஸ்பாட்டும் ஒரு வைஃபைதான். வைஃபை கிடைத்தது, சார்ஜ் இருக்கிறது, யாரும் தொடவில்லை, பிறகென்ன, உருவ ஆரம்பித்துவிட்டது. இதற்கு மருந்து வைஃபை செட்டிங்ஸிலேயே இருக்கிறது. அந்த ஹாட்ஸ்பாட் பெயருக்கு எதிரிலுள்ள சக்கரத்தைத் தொட்டால் நெட்வொர்க் யூசேஜ் என்று வரும். அதில் ‘மீட்டர்ட்’ என்று குறித்துவிட வேண்டும். இது அளவுச் சாப்பாடு, அள்ளிப் போட்டுக்கொள்ளாதே என்று போனுக்குச் சொல்கிற மாதிரி. அதிலிருந்து சண்டைக்கு வேறு காரணம் தேடிக்கொண்டார்கள் என்று கேள்வி.

ஐபோன் வைத்திருக்கிறவர்களுக்குத் தொல்லை கொஞ்சம் குறைவு. செட்டிங்ஸில் ஆப்ஸ் என்பதற்குள் ஆப் ஸ்டோர், அதற்குள் ஆப் அப்டேட்ஸ் என்று ஒரு ஸ்விட்ச், அவ்வளவுதான். அப்டேட் ஆன ஆப்பின் பெயருக்குப் பக்கத்தில் சின்ன நீலப் புள்ளி வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும். ஐபோனில் இந்தத் தானாக அப்டேட் ஆகிற வசதி வந்தது 2013 செப்டம்பரில். தந்தி நின்று இரண்டு மாதம் கழித்து. ஆப் ஸ்டோர் தொடங்கிய 2008-லிருந்து அதுவரை ஒவ்வொன்றையும் கையால்தான் அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றில் மட்டும் நான் கறார். அப்டேட் என்கிற பேச்சு கடையிலிருந்துதான் வர வேண்டும். வாட்ஸ்அப்பில் வரக் கூடாது, எஸ்எம்எஸ்ஸில் வரக் கூடாது, போன் பேசி எவரும் சொல்லக் கூடாது. எங்கள் சங்கத்து குரூப்பில் ஒருநாள் ‘பென்ஷன் அப்டேட்’ என்று ஒரு ஃபைல் வந்து விழுந்தது. கடைசியில் ஏபிகே என்ற மூன்று எழுத்து. அனுப்பியவர் எங்களோடு முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அவருக்குப் போன் போட்டேன். “நான் எதையும் அனுப்பலியேப்பா” என்றார். அவர் வாட்ஸ்அப் வேறு எவன் கையிலோ இருந்தது. கல்யாணப் பத்திரிகை என்றும், டிராஃபிக் ஃபைன் என்றும், பேங்க் கேஒய்சி என்றும் இதே சங்கதி வேஷம் மாற்றி வருகிறது. ஏபிகே என்பது படமும் இல்லை, கடிதமும் இல்லை. அது ஒரு ஆப். அதைத் தொட்டு, போன் கேட்கிற எச்சரிக்கைக்கெல்லாம் சரி சொன்னால், வருகிற ஓடிபியை அதுவே படித்துக்கொள்ளும். அன்று அதைத் தொட்டவர் இரண்டு பேர். ஒருவர் பேங்கில் பணம் குறைவாக இருந்ததால் தப்பித்தார். இன்னொருவர் உடனே 1930-க்குக் கூப்பிட்டார். பணம் போய்விட்டால் அழைக்க வேண்டிய அரசு எண் அது, எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது. இந்த எண்ணை நான் பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன், பால்காரர் எண்ணுக்குக் கீழே.

ஆக, டிசம்பர் பிறந்தபோது என் போன் கட்டுக்கோப்பாக இருந்தது. மகளுக்கு நாள் நெருங்கியதால் ராத்திரிக்குத் தனி ஏற்பாடும் செய்தேன். செட்டிங்ஸில் டூ நாட் டிஸ்டர்ப் என்பதை ராத்திரி பத்திலிருந்து காலை ஆறுவரை தானாக இயங்கும்படி வைத்தேன். மகள், மருமகன், மகன் மூவரையும் ஸ்டார் போட்ட எண்களாக்கி, அவர்கள் கூப்பிட்டால் மட்டும் மணி அடிக்கட்டும் என்று விலக்குக் கொடுத்தேன். வேறு ஒருவர் பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டாம் முறை கூப்பிட்டாலும் அடிக்கும்படி ஒரு ஸ்விட்ச் அதிலேயே உண்டு. உண்மையிலேயே அவசரம் உள்ளவன் இரண்டாம் முறை கூப்பிடுவான் என்கிற கணக்கு. அதைப் பார்த்ததும் இதைச் செய்தவன் எங்கள் ஆபீசில் வேலை பார்த்திருப்பானோ என்று தோன்றியது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைக் காலை வணக்கத் தொல்லை தாங்காமல் எப்போதோ மௌனமாக்கியிருந்தேன். சாதாரணத் தந்தி வகையில் போட்டாயிற்று. வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் காட்டி, “இனி மணி அடிச்சா அது மஸ்கட்தான்” என்று ஜம்பமாகச் சொன்னேன்.

இரண்டாம் வாரம், ஒரு வியாழக்கிழமை. நல்ல பகல், பதினொன்றரை மணி. ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். போன் பக்கத்திலேயே சத்தமில்லாமல் கிடந்தது. வாசலில் செருப்புச் சத்தம். மளிகைக்கடை அண்ணாச்சி, வாயெல்லாம் பல்லாக, கையில் கற்கண்டுப் பொட்டலத்தோடு நிற்கிறார்.

“என்ன சார், பேத்தி பொறந்திருக்காளாமே! அம்மாவும் பிள்ளையும் சுகமாமே! உங்க மச்சினி காய்கறி வாங்க வந்தாங்க, சொன்னாங்க.”

போனை எடுத்துப் பார்த்தேன். மருமகன் அரை மணி நேரம் முந்தியே ரோஜா நிறத் துணியில் சுற்றிய குழந்தையின் படத்தைக் குடும்ப குரூப்பில் போட்டிருந்தார். அதற்குக் கீழே நாற்பத்தேழு வாழ்த்துகள்.

வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். ஒரு முறை போனைப் பார்த்தாள், ஒரு முறை என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் கற்கண்டை வாங்கி, முதலில் அண்ணாச்சிக்குக் கொடுத்தாள்.